மூன்று முறை திறக்கப்பட்ட கெமரா

மத்திய மலைநாட்டு மருத்துவப் படிமவியல் நிறுவகத்தில் வேலை நடக்கிறதோ இல்லையோ, வேலைக்கான திறப்பு விழா கட்டாயம் நடக்கும். கண்டி நகரத்திலிருந்து மேட்டுக்கு ஏறும் வீதியில், த்ரீவீல்கள் முக்கி முனகி முதலாம் கியருக்கு மாறும் இடத்தில் அந்தக் கட்டடம் இருக்கிறது. வாசலில் உள்ள தண்ணீர் வடிகட்டும் இயந்திரத்தைக்கூட ஒரு மேலதிகச் செயலாளர் வந்துதான் திறந்து வைத்தார். அவருடைய பெயர் பொறித்த கல் இயந்திரத்தைவிடப் பெரியது. தாகம் எடுத்தவர்கள் எதிரேயுள்ள தேநீர்க் கடைக்குப் போகிறார்கள்.

கலகெதரையைச் சேர்ந்த, கலாநிதிப் பட்டம் பெற்ற பஸ்லினா இங்கே இரசாயனவியலாளராக வந்து சேர்ந்தபோது அவளுக்கு இந்த வழக்கங்கள் எதுவும் தெரியாது. ஜப்பானில் வருடக்கணக்காக ஆய்வு செய்து, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கத் தேவையில்லாத ஒரு மருந்துத் தூளை உருவாக்கியிருந்தாள். அந்தத் தூளோடு டெக்னீசியம் என்ற கதிரியக்கப் பொருளைக் கலந்து ஊசியாகப் போட்டால், அது நோயாளியின் எலும்புகளில் போய்த் தங்கும். மூன்று மணித்தியாலம் கழித்து ஆளை ஒரு பெரிய கெமராவின் கீழே படுக்க வைத்தால், புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருக்கிறதா இல்லையா என்று தெரிந்துவிடும். மலைநாட்டு மின்வெட்டுக்கு இதைவிடத் தோதான மருந்து கிடையாது என்று நினைத்துத்தான் அவள் ஊருக்குத் திரும்பினாள். நாட்டுப்பற்று என்று பிறகு மேடைகளில் சொன்னார்கள். அவள் மின்வெட்டைப் பற்றி மட்டுமே யோசித்தாள்.

இந்த டெக்னீசியத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. காலையில் எடுத்து வைத்தால் ஆறு மணித்தியாலத்தில் பாதியாகிவிடும். அடுத்த ஆறு மணித்தியாலத்தில் மிச்சத்திலும் பாதி. பூட்டி வைத்தாலும் போகும், காவலுக்கு ஆள் போட்டாலும் போகும். யார் வந்தார், யார் இன்னும் வரவில்லை என்றெல்லாம் அது பார்க்காது. நிறுவகத்துக்குள் நுழைந்த பொருட்களில் பெரிய மனிதர்களுக்காகக் காத்திருக்கத் தெரியாத பொருள் அது ஒன்றுதான்.

கெமரா பொருத்தப்பட்டதும் முதல் நோயாளியாகப் பாலம்மா வந்தாள். ஹுன்னஸ்கிரியப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து பறிக்கிறவள். மார்பில் கட்டி. எலும்புக்குப் போகவில்லை என்றால் ஒப்பரேஷன் செய்து காப்பாற்றிவிடலாம், ஸ்கேன் பார்த்துக்கொண்டு வா, அதன் பிறகுதான் கத்தியைத் தொடுவேன் என்று டொக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். கண்டியில் புடவைக் கடையொன்றில் வேலை செய்யும் அவளுடைய மகன் ரமேஸ், குட்ஷெட் பஸ் தரிப்பிடத்தில் இறங்கிய தாயை மேட்டுக்குக் கூட்டிக்கொண்டு வந்தான்.

அன்று திறப்பு விழா. அமைச்சர் ரிப்பனை வெட்டிய கையோடு உயிருள்ள நோயாளி ஒருவர் கெமராவின் கீழே படுக்க வேண்டும் என்பது பணிப்பாளர் ஹபீல் சேரின் ஆசை. அமைச்சர் ஒன்பது மணிக்கு வருவார் என்று அழைப்பிதழில் இருந்தது. அச்சடித்ததை நம்பும் பழக்கம் பஸ்லினாவுக்கு ஜப்பானில் தொற்றியிருந்தது. விடியற்காலையிலேயே பாலம்மாவுக்கு ஊசியைப் போட்டுவிட்டு, உட்கார வைத்து, தண்ணீர் குடிக்கக் கொடுத்தாள். கெமராவைச் சுற்றி ஒரு சிவப்பு ரிப்பன் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது.

ஒன்பது மணி ஆயிற்று. பத்தரையும் ஆயிற்று. வாசலில் நின்ற கண்டிய நடனக்காரர்கள் மேளத்தைக் கழற்றி வைத்துவிட்டு நிழலில் உட்கார்ந்தார்கள். பஸ்லினா பணிப்பாளரிடம் போனாள்.

"சேர், ஊசி போட்டு மூணு மணித்தியாலத்துக்கு மேலாப் போச்சு. இப்பப் படுக்க வெச்சாத்தான் சரி. அந்த ரிப்பனக் கொஞ்சம் ஒதுக்குவமா?"

ஹபீல் சேர் அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்ன டொக்டர் செல்றீங்க? வெட்டாத ரிப்பனுக்குள்ள ஆளப் படுக்க வெச்சா, பொறகு மந்திரி வந்து எதத் தொறக்கிற?"

இதற்கு இரசாயனவியலில் பதில் இல்லை. அமைச்சர் பிற்பகலில் வந்தார். வெற்றிலை கொடுத்தார்கள், விளக்கேற்றினார்கள், ஆடினார்கள். பிறகு ஹபீல் சேர் ஒலிவாங்கியைப் பிடித்தார்.

"இந்தக் கெமரா நோயாளிகளுக்காக மட்டும் வந்தது என்று நினைப்பது குறுகிய பார்வை. முதலாவதாக, இது இந்த நிறுவகத்தின் கௌரவத்துக்காக வந்தது. இரண்டாவதாக, இதனைப் பெற்றுத் தந்த கௌரவ அமைச்சரின் கௌரவத்துக்காக வந்தது. நோயாளிகள் மூன்றாவது இடத்தில் இருக்கிறார்கள். மூன்றாவது இடமும் வெண்கலப் பதக்கத்துக்குரிய இடம் என்பதை அவர்கள் மறந்துவிடக் கூடாது."

எல்லோரும் கைதட்டினார்கள். பாலம்மாவும் தட்டினாள். மாலையில் ரிப்பன் வெட்டப்பட்டு அவளைப் படுக்க வைத்தபோது, திரையில் பனிமூட்டம் மாதிரி ஏதோ ஒன்று வந்தது. அமைச்சர் ஒரு பொத்தானை அமுக்குவதுபோல விரலை வைத்துக்கொண்டு நிற்க, பத்திரிகைக்காரர்கள் முண்டியடித்து எடுத்தார்கள்.

"முடிஞ்சிருச்சுங்களா மிஸ்?" என்று பாலம்மா கேட்டாள்.

"இல்ல பாலம்மாக்கா. மருந்து போயிட்டுது. ஒண்டும் தெரிய இல்ல. இன்னொரு நாளைக்கு வரணும்."

"இத்தன பேரு போட்டோ எடுத்தாங்களே, அதுல ஒண்ணுலகூடத் தெரியாதுங்களா?"

பஸ்லினாவுக்கு அன்று கோபம் வந்தது. இதைக் குறித்து வைக்க வேண்டும், ஏனென்றால் பிறகு அது அவளுக்கு வரவில்லை.

அடுத்த கிழமை வரச் சொல்லியிருந்தாள். அதற்குள் அமைச்சரவை மாறியது. கெமரா அறை வாசல் கல்லில் பெயர் பொறிக்கப்பட்ட அமைச்சர் மீன்பிடி அமைச்சுக்குப் போய்விட்டார். அவர் திறந்தவற்றைத் திறந்தவையாகக் கொள்ளலாமா என்று புதிய அமைச்சின் சட்டப் பிரிவு ஆராய்ந்து, கொள்ள முடியாது என்று முடிவு செய்தது. கல்லின் மீது ஒரு துணியைப் போட்டு மூடினார்கள். வெட்டிய ரிப்பனை ஒட்ட வழியில்லாததால் புதிதாக ஒன்று வாங்கிக் கெமராவைச் சுற்றிக் கட்டினார்கள். மறு திறப்பு விழா வரை யாரும் கைவைக்கக் கூடாது என்று ஒரு காவலாளியும் போடப்பட்டார்.

"அப்ப கொழும்புக்குப் போங்க" என்று பஸ்லினா சொன்னாள். ரமேஸ் ஒரு நாள் சம்பளத்தை விட்டுத் தாயைக் கொழும்புக்குக் கூட்டிப் போனான். திரும்பி வந்து நேரே அவளிடம் வந்தான்.

"எடுக்க மாட்டாங்களாம் மிஸ். கண்டியிலயே கெமரா தொறந்தாச்சு, பேப்பர்ல போட்டோவே வந்திருக்கு, ஒங்க ஊர்லயே எடுத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க."

"அது வேலை செய்ய இல்லண்டு செல்லலியா?"

"சொன்னேன் மிஸ். அந்தப் போட்டோவுல படுத்திருக்கிறதே எங்கம்மாதான்னும் சொன்னேன். அப்ப எடுத்தாச்சுதானே, பொறகு எதுக்கு இன்னொண்ணுன்னு கேக்குறாங்க."

இந்த நேரத்தில்தான் கணக்காய்வுப் பிரிவு விழித்துக்கொண்டது. கெமரா பூட்டியிருந்தாலும், தினமும் புதிதாக டெக்னீசியம் ஊறும் பெட்டி வாராவாரம் விமானத்தில் வந்துகொண்டுதான் இருந்தது. அதை நிறுத்துவதற்கு அதிகாரமுள்ள பதவி ஒன்று இன்னும் உருவாக்கப்படவில்லை. காலையில் இருந்த அளவு மாலையில் இல்லையே என்று கணக்காய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். பஸ்லினாவைக் கூட்டத்துக்கு அழைத்தார்கள். ஹபீல் சேர் தலைமை தாங்கினார்.

"கேள்வி நியாயமானது" என்றார் அவர். "காலையில் பொறுப்பேற்ற சாமானில் பின்னேரம் பாதிதான் இருக்கிறது. மற்றப் பாதி யாருடைய வீட்டுக்குப் போனது?"

"எங்கயும் போக இல்ல சேர். அது தானாக் கொறையிற சாமான். இயற்கை."

"இயற்கை இந்த நிறுவகத்தின் உத்தியோகத்தர் அல்ல, டொக்டர். அதனிடம் நான் விளக்கம் கோர முடியாது. உங்களிடம்தான் கோர முடியும். எமது நிதிப் பிரமாணங்களின்படி, அனுமதி பெறாமல் எந்தப் பொருளும் குறைய இடமில்லை."

அரை ஆயுள் தொடர்பான உபகுழு ஒன்று நியமிக்கப்பட்டது. குழு பலமுறை கூடி, ரோல்ஸும் பெட்டிஸும் சாப்பிட்டு, ஒரு பரிந்துரையைச் சமர்ப்பித்தது. அலுவலக நேரம் எட்டு மணித்தியாலம் என்பதால், ஆறுக்குப் பதிலாக எட்டு மணித்தியாலத்தில் பாதியாகும் டெக்னீசியத்தை அனுப்புமாறு வெளிநாட்டுக் கம்பனியைக் கேட்க வேண்டும். பௌர்ணமிப் போயா தினங்களிலும் அரசாங்க விடுமுறைகளிலும் அது குறையாமல் இருப்பது விரும்பத்தக்கது.

பஸ்லினா சிரிக்கவில்லை. ஒரு பதில் எழுதினாள். டெக்னீசியம் ஏன் குறைகிறது, அது குறைவதற்குள் நோயாளி ஏன் கெமராவின் கீழே படுக்க வேண்டும், தாமதமானால் ஹுன்னஸ்கிரியவில் ஒரு பெண்ணுக்கு என்ன ஆகும் என்று இரண்டு பக்கத்தில் தெளிவாக எழுதினாள். அவள் செய்த பிழை அதுதான். அந்தப் பதில் கொழும்புக்குப் போனது. அங்கே யாரோ அதை முழுவதும் வாசித்து, விளங்கியும் தொலைத்துவிட்டார். இப்படி எழுதத் தெரிந்தவளை ஆய்வுகூடத்தில் போட்டு வைத்திருப்பது வீண்விரயம் என்று மேலிடம் கருதியது. பஸ்லினா கொள்கை இணைப்பாளராகப் பதவி உயர்த்தப்பட்டாள்.

கம்பளம் விரித்த அறை, சுழலும் கதிரை, கண்ணாடி அலுமாரி எல்லாம் கிடைத்தன. ஆய்வுகூடப் பூட்டின் திறப்பைத் திருப்பிக் கேட்டு வாங்கிக்கொண்டார்கள். அவளுடைய பதவி உயர்வு தற்காலிகமானது என்பதால் பழைய இடத்துக்கு வேறு ஆளை எடுக்கவும் முடியாது.

"அப்ப மருந்த யாரு கலக்கிற சேர்?"

"நல்ல கேள்வி" என்று ஹபீல் சேர் மகிழ்ந்தார். "அது கொள்கை சம்பந்தப்பட்ட கேள்வி. கொள்கை இப்ப ஒங்கட பொறுப்பு. ஒரு அறிக்கை எழுதித் தாங்க."

அவள் எழுதினாள். வேறென்ன செய்வது என்று தெரியாமல் எழுதினாள். அந்த அறிக்கை ஜெனீவாவில் உள்ள சமவாய்ப்புப் படிமப் பேரவைக்குப் போனது. உலகத்தில் எங்கெங்கு ஸ்கேன் எடுக்க முடியாத ஏழைகள் இருக்கிறார்களோ, அவர்களைப் பற்றி ஏரிக்கரை ஹோட்டல்களில் கூடிக் கவலைப்படுவது அந்தப் பேரவையின் வேலை. பஸ்லினாவை அழைத்தார்கள். கலகெதரையில் உம்மா எல்லாருக்கும் வட்டிலப்பம் கொடுத்தாள்.

முதல் கூட்டத்தில் பாலம்மாவின் கதையைச் சொன்னபோது பஸ்லினாவுக்குத் தொண்டை அடைத்தது. சபையில் பலர் கண்ணைத் துடைத்தார்கள். தேநீர் இடைவேளைக்குப் பிறகு தீர்மானத்தை எடுத்துக்கொண்டார்கள். பேரவை இதையிட்டு "ஆழ்ந்த கவலை" கொள்கிறதா, "பாரதூரமான கவலை" கொள்கிறதா என்பதில் கருத்து வேறுபாடு எழுந்தது. மறுநாளும் அது தீரவில்லை. கடைசியில் ஆழ்ந்த கவலை வென்றது. அவள் பேச்சில் இருந்த "மருந்து காத்திருக்காது" என்ற வரியைத் துணிப் பைகளில் அச்சடித்து எல்லோருக்கும் ஆளுக்கொன்று கொடுத்தார்கள்.

பிறகு நைரோபியில் சொன்னாள், பாங்கொக்கில் சொன்னாள். தொண்டை அடைப்பது நின்றுபோனது. எந்த இடத்தில் நிறுத்தினால் சபை மௌனமாகும் என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. அந்த இடத்தில் நிறுத்தி, ஒரு மிடறு தண்ணீர் குடித்து, மேலே போவாள். இரவில் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்து, இன்றைக்கு எனக்கு என்ன தோன்றியது என்று தேடிப் பார்ப்பாள். ஒன்றும் அகப்படாது. பல்லுக்கு ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருக்கும். பேரவை அவளைத் துணைத் தலைவியாக்கியது.

இரண்டாவது திறப்பு விழா அவள் பாங்கொக்கில் இருந்தபோது நடந்தது. ரமேஸ் தொலைபேசியில் சொன்னான்.

"புது மந்திரி நேரத்துக்கே வந்துட்டாரு மிஸ். ரிப்பனயும் வெட்டிட்டாங்க. அம்மாவுக்கு ஊசியும் போட்டாங்க."

"யாரு கலந்த?"

"யாரும் கலக்கலியாம். கலக்கிற ஆளு இல்லியாம். வெறும் உப்புத் தண்ணிய ஏத்திப் படுக்க வெச்சு போட்டோ எடுத்துட்டு அனுப்பிட்டாங்க. மிஸ், அம்மாவுக்கு இப்பல்லாம் முதுகு வலி. கொழுந்துக்கூடயத் தூக்க முடியல. நீங்க எப்ப வாறீங்க?"

பஸ்லினா நாட்காட்டியைப் பார்த்தாள். மலைவாழ் பெண்களின் அணுகல் பற்றிய அமர்வு இரண்டு இருந்தது. முடித்துவிட்டு வருகிறேன் என்றாள். சொன்னபடியே முடித்தாள்.

அவள் ஊருக்கு வந்தது பேரவையின் தூதுக்குழுவோடு, பிரதம அதிதியாக. நிறுவகத்தின் "சர்வதேசத் திறப்பு விழா" அது. முன்னைய இரண்டும் தேசிய மட்டத்தில் மட்டுமே செல்லுபடியாகும் என்று யாரோ கண்டுபிடித்திருந்தார்கள். மூன்றாவது ரிப்பன் கட்டப்பட்டது. ஆனால் இத்தனை காலத்தில் பஸ்லினா ஒன்றைக் கற்றுக்கொண்டிருந்தாள். அந்தக் கட்டடத்தில் நிகழ்ச்சி நிரலில் அச்சாகாத எதுவும் நடக்காது. அச்சானால் எதுவும் நடக்கும். "பிரதம அதிதி தமது கையால் மருந்து கலந்து வழங்கும் நேரடிக் காட்சி" என்று ஒரு விடயத்தைச் சேர்க்கச் சொல்லி அனுப்பினாள். ஹபீல் சேர் பூரித்துப்போய் அதைத் தடித்த எழுத்தில் போட்டார். ரிப்பன் வெட்டுவதைக் காலை முதல் விடயமாக மாற்றினார். உரைகளைப் பின்னுக்குத் தள்ளினார். ஆய்வுகூடப் பூட்டின் திறப்பை ஒரு வெள்ளித் தட்டில் வைத்து அவளிடம் நீட்டினார்கள்.

உள்ளே எல்லாம் அவள் வைத்த இடத்திலேயே இருந்தன. மருந்துத் தூள் கெடவில்லை. அது அப்படிக் கெடாமல் இருப்பதற்காகத்தானே அவள் ஜப்பானில் இளமையைக் கழித்தாள். கை தன் பாட்டில் வேலை செய்தது. பாலம்மாவை ரமேஸ் தாங்கிப் பிடித்துக் கூட்டிவந்தான். அவள் பாதியாக இளைத்திருந்தாள்.

"மிஸ், வெள்ளயாகிட்டீங்க" என்று சிரித்தாள்.

பஸ்லினா ஊசி போட்டாள். மூன்று மணித்தியாலமும் உரைகளில் போனது. பிறகு பாலம்மா கெமராவின் கீழே படுத்தாள். மண்டபத்தில் சுவரளவு திரை வைத்திருந்தார்கள். கூட்டம் முழுவதும் அதைப் பார்த்துக்கொண்டிருக்க, தலையிலிருந்து தொடங்கி மெதுமெதுவாகப் படம் இறங்கி வந்தது. மண்டையோடு. கழுத்து. தோள். விலா எலும்புகளில் கரும்புள்ளிகள், முதுகெலும்பு நெடுக, இடுப்பில், தொடையில். எந்தப் பிசிறும் இல்லாமல், ஒவ்வொன்றும் அச்சுக் குத்தினது போலத் தெரிந்தது.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பேரவைத் தலைவி மார்பில் கையை வைத்துக்கொண்டாள். ஹபீல் சேரின் குரல் தழுதழுத்தது.

"இந்தத் தெளிவைப் பாருங்கள்! ஒரு புள்ளிகூட மறையவில்லை. இத்தனை சிறப்பான எலும்புகளை நான் எந்த நாட்டுப் படத்திலும் கண்டதில்லை. தாமதம் தாமதம் என்று எம்மைக் குறை சொன்னவர்களுக்கு இதுவே பதில். முதல் நாளே அவசரப்பட்டு எடுத்திருந்தால், திரையில் காட்டுவதற்கு இவ்வளவு இருந்திருக்குமா?"

பஸ்லினா மேடையிலிருந்து இறங்கிக் கெமரா அறைக்குப் போனாள். கதவுக்கு அப்பாலிருந்து கைதட்டல் கேட்டுக்கொண்டே இருந்தது. பாலம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள்.

"எல்லாரும் கைதட்டுறாங்களே மிஸ். நல்லா வந்திருச்சுங்களா?"

"தெளிவா வந்தீக்கிது."

"அப்ப ஒப்பரேசன் செஞ்சிரலாம்தானே?"

இந்த இடத்தில் சொல்வதற்குப் பஸ்லினாவிடம் மூன்று மொழிகளில் நல்ல நல்ல வசனங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றும் பாலம்மாவுக்குப் பொருந்தவில்லை.

"இல்ல பாலம்மாக்கா. எலும்புக்குப் போயிட்டுது. முதுகு, இடுப்பு, நெஞ்செலும்பு, எல்லாத்திலயும் ஈக்கிது. இனி ஒப்பரேஷன் செஞ்சு சரிவராது. வலிக்கு மருந்து தருவாங்க."

பாலம்மா சேலைத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள்.

"மொத வாட்டி வந்தப்பவே எடுத்திருந்தா?"

"அப்பப் போயிருக்காதுண்டுதான் நெனக்கிறேன்."

ரமேஸ் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான். பஸ்லினா அழுகை வரும் என்று காத்துக்கொண்டு நின்றாள். அது வரவில்லை. வராததையிட்டு வெட்கமாவது வரவேண்டும் என்று நினைத்தாள், அதுவும் வரவில்லை. வரவேற்புக் குழு உத்தியோகத்தர் ஒருவர் கதவைத் தட்டி, குழுப் புகைப்படத்துக்கு எல்லோரும் காத்திருக்கிறார்கள், பயனாளி அம்மாவுக்கு நடுக் கதிரை ஒதுக்கியிருக்கிறது என்றார். பாலம்மா பஸ்லினாவின் முகத்தைப் பார்த்தாள். பஸ்லினா கதவைத் திறந்து பிடித்தாள். பாலம்மா மகனின் தோளைப் பிடித்துக்கொண்டு போய் நடுக் கதிரையில் உட்கார்ந்தாள்.

ஐப்பசி மழையோடு பாலம்மா போய்ச் சேர்ந்தாள். நிறுவகத்தின் ஆண்டறிக்கை தை மாதம் வெளிவந்தது. அட்டையில் பாலம்மாவின் எலும்புகள், வழுவழுப்பான தாளில், புள்ளிகள் ஒன்றும் விடுபடாமல். நோயாளியின் அந்தரங்கம் கருதிப் பெயர் போடவில்லை. முன்னுரை தருமாறு ஜெனீவாவுக்குத் திரும்பியிருந்த பஸ்லினாவிடம் கேட்டு எழுதியிருந்தார்கள். அவள் அதை ஒரே இருப்பில் எழுதி அனுப்பினாள். ஹபீல் சேருக்கு அதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.